யெல்லோஸ்டோனில் பார்ப்பை நசுக்கத்தான் வேண்டுமா?

மலைச்சாரல்:
அடுத்த மாதம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஃப்ளை ஃபிஷிங் (முள்ளில் பூச்சி போலக் கட்டிய ‘ஃப்ளை’ என்ற செயற்கை இரையால் மீன் பிடிப்பது) போகிறோம். அங்கே தூண்டில் முள்ளில் பார்ப் இருக்கக் கூடாதாம், இருந்தால் குறடால் நசுக்கிவிட வேண்டுமாம். முள் நுனிக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக நிற்கும் அந்தக் குட்டிக் கூர்தானே மீனைக் கழன்றுவிடாமல் பிடிக்கிறது? அதையும் நசுக்கிவிட்டால் பாதி மீன் போய்விடாதா? இதனால் மீனுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

பழைய தூண்டில்:
விதி என்றால் நசுக்கித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் மீனுக்கு நன்மை என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. 1997-இல் ஷில், ஸ்கார்ப்பெல்லா என்ற இரு ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடப்பட்ட ட்ரவுட் மீன்களில் பார்ப் உள்ள முள்ளால் செத்தவை 4.5 சதவீதம், பார்ப் இல்லாத முள்ளால் 4.2. இதற்கு ஒரு சட்டமா? மீனைக் கொல்வது புழு மாட்டிய முள், அதைத்தான் தொண்டை வரை விழுங்கிவிடுகிறது. ஃப்ளை பெரும்பாலும் உதட்டோரம் மாட்டுவதோடு சரி.

நீரோட்டம்:
அண்ணா, செத்ததை மட்டும் எண்ணினால் போதுமா? அதே ஷில் பங்கெடுத்த இன்னோர் ஆய்வு யெல்லோஸ்டோன் ஆற்றிலேயே நடந்தது. 1981 சீசனில் அங்கே கட்த்ரோட் என்ற ட்ரவுட் வகை மீன் ஒன்று சராசரியாக 9.7 முறை பிடிபட்டிருக்கிறது. ஒரே கோடையில் கிட்டத்தட்ட பத்துத் தடவை! ஒவ்வொரு தடவையும் பார்ப்பைத் திருகிப் பிடுங்கினால் அந்த வாய் என்ன ஆகும்? மேல்தாடை ஓரம் கிழிந்து ஆறிப்போன மீன்களை நானே வலையில் பார்த்திருக்கிறேன், பார்த்த பிறகு பார்ப் உள்ள முள்ளைக் கட்ட மனம் வரவில்லை.

பழைய தூண்டில்:
அந்த ஆய்வை முழுசாகச் சொல்லுங்கள் தம்பி. ஒருமுறை பிடிபட்டால் சாவு 0.3 சதவீதம்தான் என்றும் அதில் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், ஃபோட்டோவுக்காக மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர்களும் பார்ப்பை நசுக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதற்குத்தான்.

நீரோட்டம்:
அது நியாயம். ஆனால் பார்ப் இல்லாவிட்டால் மீனைத் தூக்கவே வேண்டாமே, தண்ணீருக்குள்ளேயே முள்ளைப் பின்னுக்குத் தள்ளினால் கழன்றுவிடும். மனிதனுக்கும் அப்படித்தான். போன வருடம் காற்றில் ஃப்ளை திரும்பி வந்து என் காது மடலில் ஏறியது, நசுக்கிய முள் என்பதால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

மலைச்சாரல், லைனைத் தளரவிடாமல் கோலை வளைத்தே வைத்திருந்தால் மீன் அவ்வளவாகத் தப்பாது. பார்ப்பை வீட்டிலேயே நசுக்கிவிட்டு ஒரு பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள், நூலில் மாட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய தூண்டில்:
காது விஷயத்தில் மறுப்பேதும் இல்லை, நானும் அதற்காகத்தான் நசுக்குகிறேன். மீனுக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.