மலை ஊர்களில் குடிநீர் இணைப்புக்கு மீட்டர் வைக்கலாமா?

பழைய ஓவர்சியர் (தொடங்கியவர்)

வணக்கம். மலை நகராட்சிகளின் பொறியியல் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் நீலகிரியில்தான் இருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, பிரச்சினை எல்லா மலை ஊருக்கும் பொதுவானது.

என் கருத்தை நேராகவே வைக்கிறேன். ஒவ்வொரு குடிநீர் இணைப்புக்கும் மீட்டர் வேண்டும். மாதம் இவ்வளவு என்று எல்லோரிடமும் ஒரே தொகை வாங்குவதை நிறுத்திவிட்டு, ஓடிய தண்ணீருக்குக் காசு வாங்க வேண்டும்.

புதிதாகக் கட்டுவதற்குப் பணம் எப்படியாவது வந்துவிடுகிறது. நகரக் குடிநீருக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊருக்கு மத்திய அரசு பாதித் தொகை தருவதாக ஏற்பாடு. 2011 கணக்கெடுப்பில் உதகையில் 88,430 பேர், குன்னூரில் 45,494 பேர். இரண்டும் அந்த வரம்புக்குள் வருகின்றன. ஆனால் குழாய் போட்டு, மோட்டார் மாட்டி, திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து வரும் கரண்ட் பில்லுக்கு அம்ருத் பணம் வராது. அதை ஊர்தான் கட்டியாக வேண்டும்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, பம்பிலும் மோட்டாரிலும் போகிற இழப்பைச் சேர்த்தால் சுமார் 0.45 யூனிட் மின்சாரம் ஆகும். சமவெளியில் மேல்நிலைத் தொட்டிக்கு 20 மீட்டர் தூக்கினால் வேலை முடிந்தது. இங்கே பள்ளத்தாக்கு அணையிலிருந்து 300 மீட்டர் தூக்க வேண்டிய திட்டம் என்றால், மாதம் 15,000 லிட்டர் புழங்குகிற ஒரு வீட்டுக்கு, தண்ணீரைத் தூக்குவதற்கே 20 யூனிட் போய்விடும். குளோரின், ஆள் சம்பளம், வெடித்த குழாயை மாற்றுவது எல்லாம் தனி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பங்களாவும், நாலு குடம் பிடிக்கிற வீடும் ஒரே கட்டணம் கட்டுவது நியாயமா? சொல்லுங்கள்.

கீழ்லைன்வாசி

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் பம்ப் ஹவுஸில் நின்று பேசுகிறீர்கள். நான் குழாயடியில் குடத்தோடு நின்று பேசுகிறேன்.

போன கோடையில் எங்கள் தெருவுக்கு 11 நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்குத் திறந்தார்கள். முதல் பத்து நிமிடம் குழாயில் வந்தது வெறும் காற்று. அந்தக் காற்றிலும் மீட்டர் சுற்றும். சமவெளியில் இருக்கிற என் தங்கை வீட்டில், தண்ணீர் வருவதற்கு முன்பே முள் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். வராத தண்ணீருக்கு மாதாமாதம் கட்டுகிறோம், இனி காற்றுக்கும் கட்ட வேண்டுமா?

2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். 600 சதுர அடிக்குள் இருக்கிற எங்கள் வீட்டுக்கு 25 சதவீதம். பக்கத்துத் தெருவில் மாமா வீடு 1,200-க்குள் வருவதால் 50 சதவீதம். வரி ஏற்றினால்தான் மத்திய நிதி கிடைக்கும், நிதி வந்தால் ஊர் வசதி கூடும் என்றார்கள். நம்பிக் கட்டினோம். அந்த வருடமும் லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் மீட்டர் பேசலாம்.

ஆறு ரூம் லாட்ஜ்

சூழலைக் கெடுப்பது, தண்ணீரை உறிஞ்சுவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் விரல் எங்கள் பக்கம்தான் திரும்பும் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் லைசென்ஸ் வாங்கி நடத்துகிறேன். வணிக இணைப்புக்கான கட்டணம் கட்டுகிறேன். நீலகிரியில் நினைத்த இடத்தில் போர்வெல் போட முடியாது, அது சரியான கட்டுப்பாடுதான். ஆனால் அதனால் சீசனில் லாரியை நம்பித்தான் இருக்கிறேன். 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த வருட சீசனுக்கு நீலகிரியில் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வருமானம் குறைந்தாலும் அதையும் ஏற்றுக்கொண்டோம்.

என் கேள்வி வேறு. என் தெருவிலேயே வீட்டு இணைப்பை வைத்துக்கொண்டு, அறைகளை இணையத்தில் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுவது வீட்டுக் கட்டணம். மீட்டர் வைத்தாலும் அது வீட்டு மீட்டராகத்தான் ஓடும். விதியை மீறுகிறவனை விட்டுவிட்டு, கணக்கில் இருக்கிறவனுக்கு மட்டும் ஏற்றுவதா?

பழைய ஓவர்சியர்

லாட்ஜ் தம்பிக்கு: இந்திய தரநிலைப்படி கழிவுநீர்க் குழாய் உள்ள ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். சாதாரண ஹோட்டலில் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர், ஐந்து நட்சத்திரம் என்றால் 320. வீட்டு மீட்டரில் மாதம் 60,000 லிட்டர் ஓடினால் அது வீடு அல்ல என்று பில் கலெக்டருக்கே தெரிந்துவிடும். நீங்கள் சொல்கிற திருட்டைப் பிடிக்க மீட்டரைவிட நல்ல கருவி கிடையாது.

கீழ்லைன் அம்மா, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேட்டுப் பகுதியில் ஏர் வால்வு வைத்தால் காற்று குறையும், முழுதும் போகாது. ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் லைன் காலியாகிறது, திறக்கும்போது காற்றைத் தள்ளிக்கொண்டுதான் தண்ணீர் வரும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மலையின் இன்னொரு சிக்கலையும் பாருங்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. மேல்தெருத் தொட்டிக்கும் உங்கள் கீழ்லைனுக்கும் 100 மீட்டர் வித்தியாசம் என்றால், குழாய்க்குள் 10 கிலோ. நடுவில் அழுத்தத்தை முறிக்கும் தொட்டி கட்டாமல் ஆறு கிலோ மட்டுமே தாங்குகிற பைப்பைப் போட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? ரோட்டுக்கு அடியில் கசிந்து ஓடையில் சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. கசிவு எவ்வளவு என்று தெரியாததற்குக் காரணம், எங்குமே அளக்காததுதான்.

கணக்கு பார்ப்பவன்

நான் உள்ளாட்சித் தணிக்கை சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். நிதி வரும் வழியைக் கொஞ்சம் சொன்னால் விவாதத்துக்கு உதவும்.

அக்கா சொன்ன வரி உயர்வின் பின்னணி, உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியத்தைப் பரிந்துரைத்த 15-ஆவது நிதிக்குழு. 2021-26 காலத்து மானியத்தைப் பெற, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும், தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும் என்பவை நிபந்தனைகள். நம்மைப் போன்ற சின்ன ஊர்களுக்கு வந்த மானியத்தில் 40 சதவீதத்தை ஊர் விருப்பப்படி செலவழிக்கலாம். 60 சதவீதத்தில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சிக்கு, மறுபாதி துப்புரவுக்கும் குப்பைக்கும் என்று கட்டிவைத்தே வந்தது. ஆகவே "வரி கட்டினோமே, தண்ணீருக்கு எவ்வளவு போனது?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கணக்கு ரகசியம் அல்ல.

அம்ருத் பணமும் மொத்தமாக வராது. 20, 40, 40 என்று மூன்று தவணை. முன்தவணையைச் செலவழித்துக் காட்டினால்தான் அடுத்தது. மலையில் இதுதான் உதைக்கிறது. குழாய் காப்புக்காடு வழியாகப் போனால் வனத்துறை அனுமதி வேண்டும். எமரால்டு மாதிரி அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை, அங்கிருந்து குன்னூருக்குத் தண்ணீர் எடுக்க மின்வாரியமும் சம்மதிக்க வேண்டும். கடிதம் போய்த் திரும்புவதற்குள் விலைப் பட்டியல் மாறி, எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டிவரும். கூடுதல் தொகை ஊரின் தலையில். அப்போது 1996 முதல் இயங்கும் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்கினால் திருப்பிக் கட்ட வருமானம் வேண்டும். ஓவர்சியர் ஐயா சொல்வது அங்கேதான் வந்து நிற்கிறது. ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களே டெபாசிட் கட்டினார்கள். ஊர் கூடி முடிவு செய்தால் நடக்கும் என்பதற்கு அது சான்று.

கீழ்லைன்வாசி

ஆலந்தூர் அப்போது சென்னையை ஒட்டி இருந்த ஊர் தம்பி, இப்போது சென்னைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. எங்கள் லைனில் பாதிப் பேர் 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். மூன்று தலைமுறையாகத் தேயிலை பறிக்கிறார்கள், இன்னும் பல வீடுகளுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாமல் வரி போட மாட்டோம், வரி ரசீது இல்லாமல் இணைப்பு தர மாட்டோம் என்று எங்கள் ஊர் ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கு இருப்பது தெருக்குழாய் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தால், வருமானம் தராத அந்தக் குழாயை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? எனக்கு இந்தப் பயம்தான் பெரிது. கட்டணம் கட்ட மனமில்லாமல் பேசவில்லை.

ஹட்டிக்காரன்

எல்லோரும் குழாயின் இந்த முனையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த முனையில் இருக்கிறேன். எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் படுகர் கிராமத்துக்கு, மேலே இருக்கிற ஓடையிலிருந்துதான் டவுனுக்குத் தண்ணீர் போகிறது.

கிராமக் குடிநீருக்காக 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் கிராமத்து ஆளுக்கு 55 லிட்டர். டவுனில் 135, லாட்ஜ் படுக்கைக்கு 180. ஓடை எங்கள் ஊரில், அளவு மட்டும் இப்படி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சோலைக்காட்டிலிருந்தும், புல்வெளியிலிருந்தும், அடியில் இருக்கிற சதுப்பிலிருந்தும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவது அந்த இடம்தான். என் அப்பா காலத்தில் எருமை இறங்கினால் முழங்கால் புதைகிற சதுப்பு இருந்தது. இன்றைக்கு வடிகால் வெட்டி கேரட் போட்டிருக்கிறோம். போட்டது நாங்கள்தான், பொய் சொல்லவில்லை. தேயிலை விலை விழுந்தபோது வேறு வழி தெரியவில்லை. புல்வெளி இருந்த மேட்டில் இப்போது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம்.

பல கோடிக்கு எஸ்டிமேட் போடுகிறீர்களே சார், ஊற்றுக்கு என்று அதில் ஒரு வரி உண்டா?

பழைய ஓவர்சியர்

இல்லை. 27 வருடத்தில் தடுப்பணை, பம்ப், குழாய், தொட்டி எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் எழுதியிருக்கிறேன். ஊற்றுக்கு ஒரு முறைகூட எழுதியதில்லை. அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு மீட்டர் உடனே என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். 11 நாளைக்கு ஒரு முறை வருகிற லைனில் அது நியாயமான அளவைக் காட்டாது. முதலில் ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் பெரிய மீட்டர் ஒன்று. எந்த வார்டுக்கு எவ்வளவு போகிறது, வழியில் எவ்வளவு தொலைகிறது என்று அதில் தெரியும். லாட்ஜ், காட்டேஜ், பங்களாவுக்கு இப்போதே மீட்டர், இதில் நான் மாறவில்லை. தெருக்குழாயை எடுக்கக் கூடாது. அதில் ஓடுவதையும் அளந்து, பொதுச் செலவில் எழுத வேண்டும்.

ஆறு ரூம் லாட்ஜ்

அறை வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் ஒரே நாளில் வைப்பதாக இருந்தால் என் இணைப்பில் முதலில் வையுங்கள்.

கீழ்லைன்வாசி

தொட்டி மீட்டருக்குச் சரி. ஆனால் அந்த ரீடிங் ஆபீஸ் பீரோவுக்குள் போகக் கூடாது. எந்தத் தெருவுக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வால்வு திறந்தார்கள் என்பதோடு சேர்த்துத் தொட்டிச் சுவரிலேயே எழுதிப் போட வேண்டும். 2022 விதிப்படி வார்டுகளில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது அல்லவா, அடுத்த கூட்டத்தில் நான் இதைக் கேட்கப் போகிறேன். கணக்குத் தம்பி, குடிநீருக்கென்று வந்த தொகையின் விவரத்தை அதற்குள் எடுத்துத் தர முடியுமா?

கணக்கு பார்ப்பவன்

தருகிறேன் அக்கா. மூன்று வருடத்துக்கு, வரவு தனி, செலவு தனியாக.

ஹட்டிக்காரன்

ஊற்றின் கேள்வி அப்படியே நிற்கிறது. சதுப்பை மறுபடி சதுப்பாக விட எங்களில் சிலர் தயார். அந்த நிலத்துக்கு வருடா வருடம் ஏதாவது கிடைத்தால்தான் முடியும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

பழைய ஓவர்சியர்

எழுதிப் பார்க்கிறேன். அதற்கு முதலில் ஊற்று ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தருகிறது என்று தெரிய வேண்டும், மழைக்கு முன்னும் பின்னும். சனிக்கிழமை வரலாமா? பத்து லிட்டர் வாளியும் கடிகாரமும் நான் கொண்டுவருகிறேன்.

ஹட்டிக்காரன்

வாருங்கள் சார். எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் மேட்டுத் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிடுவார்கள், அளவு சரியாக வராது.