கைவேலி பக்கத் தெரு குரூப்: மாடி போடலாமா கூடாதா

சனிக்கிழமை

ரமேஷ் 12ஆம் நம்பர் (காலை 7:10)
எல்லாருக்கும் வணக்கம். ஒரு டவுட்டு. நம்ம ஏரியாவுல யாருக்காச்சும் சமீபத்துல ப்ளான் அப்ரூவல் வந்துச்சா? எங்க இன்ஜினியர் நேத்து போன் பண்ணி ஃபைல் நகராது தம்பி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வருது, கோர்ட் ஆர்டர்ங்கிறாரு. வைகாசியில தம்பிக்கு கல்யாணம், மாடி போட்டு அவங்களுக்கு குடுக்கலாம்னு பேங்க் லோன் வரைக்கும் சாங்ஷன் ஆயிடுச்சு

ஹார்டுவேர் பாய் (7:18)
வந்த மாதிரி தெரியல தம்பி. இப்ப கடைக்கு வர்றவங்க பூரா பைப் மாத்துறவங்க பெயிண்ட் அடிக்கிறவங்கதான். கம்பி கேட்டு ஆள் வந்தே நாளாச்சு

ஹெச்.எம். சார் (7:31)
அது கோர்ட் இல்ல ரமேஷ், பசுமைத் தீர்ப்பாயம். 2022ல பள்ளிக்கரணைய ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க, 1,247 ஹெக்டேர். சேத்ததோட சரி, அதச் சுத்தி எது வரைக்கும் கட்டடம் வந்தா சதுப்பு நிலம் பாதிக்கும்னு ஆய்வு பண்ணி எல்லை போடணும்ல, அது நடக்கல. அதனால 2025 செப்டம்பர்ல தீர்ப்பாயம் சொல்லிடுச்சு, அந்த ஆய்வு முடியிற வரைக்கும் உள்ளயும் கட்டட அனுமதி குடுக்காதீங்க, வெளிய ஒரு கி.மீ. வரைக்கும் குடுக்காதீங்கன்னு.

ரமேஷ் 12ஆம் நம்பர் (7:33)
ஆய்வு எப்ப சார் முடியும்

ஹெச்.எம். சார் (7:34)
😀

விக்னேஷ் கார்னர் ஃப்ளாட் (7:52)
ரமேஷ் ப்ரோ உங்க கஷ்டம் புரியுது, ஆனா இந்த ஆர்டர் நல்ல ஆர்டர்தான். வருஷா வருஷம் முழங்கால் தண்ணியில நிக்கிறோம், இப்பவாச்சும் ஒருத்தர் நிறுத்துங்கடான்னு சொன்னாங்களேன்னு சந்தோஷப்படணும். ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த இடம்ங்கிறாங்க. மிச்சம் இருக்கிறதையாவது விடணும் இல்ல?

செல்வி அக்கா டைலர் (7:55)
தம்பி தப்பா எடுத்துக்காத, நீ குடியிருக்கிற அந்த அஞ்சு மாடி ஃப்ளாட்டு இருக்கே, அதுல எங்க மாமியார் எருமை மேய்ச்சிருக்காங்க. மழை வந்தா மொத தண்ணி அங்கதான் நிக்கும்

விக்னேஷ் கார்னர் ஃப்ளாட் (7:56)
அக்கா நான் ரீசேல்ல வாங்கினேன் 🙏

மாடிவீட்டு மாமி (8:05)
அவனை ஏண்டி சொல்றே செல்வி, நாம மட்டும் என்ன, நாங்க 1998ல கட்டறச்சே பின்பக்கம் பூரா கோரைப்புல்லு, ராத்திரி தவளை சத்தத்துல தூங்க முடியாது. மூணு படி ஏறித்தான் ஆத்துக்குள்ள போவோம். ரோடு போட்டு போட்டு ஒசத்தி இப்போ ரெண்டு படி இறங்கணும். கேட்டு பாதிதான் தொறக்கும், மீதி தார்ல இடிச்சுண்டு நிக்கறது. பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு ரூல் இருக்காமே, யார் சுரண்டறா?

ஹார்டுவேர் பாய் (8:07)
மாமி சொல்றது நூத்துக்கு நூறு

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அட்மின் முருகன் (8:15)
யாருப்பா அது பார்ட்டி பேரெல்லாம் போட்டு எழுதுறது, டெலிட் பண்ணிட்டேன். குரூப்ல அரசியல் வேணாம்

ரமேஷ் 12ஆம் நம்பர் (8:40)
சரி ஒண்ணு கேக்குறேன், எல்லாரும் பொறுமையா படிங்க. எங்க வீடு ஏற்கனவே இருக்கு, 1,000 சதுர அடி மனை, கீழ கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு மேல நான் ஒரு மாடி போட்டா சதுப்பு நிலத்துக்கு போற தண்ணியில ஒரு சொட்டாவது குறையுமா? புதுசா ஒரு அடி மண்ணைக் கூட நான் மூடல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க அம்மாவ சேர்ல உக்கார வெச்சு நானும் பாயும் தூக்கிட்டு மாமி வீட்டு மாடிக்கு ஏறினோமே, ஞாபகம் இருக்கா, தண்ணி மீட்டர் பாக்ஸத் தொட்டுருச்சு, எப்ப ஷாக் அடிக்கும்னு தெரியாம. மாடி இருந்தா நான் ஏன் அடுத்தவங்க வீட்டுப் படி ஏறப்போறேன்? எங்களுக்கு மாடின்னா வாடகைக்கு விட்டு சம்பாதிக்க இல்ல, மழைக்கு ஏறி உக்கார ஒரு இடம்

மாடிவீட்டு மாமி (8:43)
எப்போ வேணாலும் வா, அது உன் ஆம்தான். ஆனா நீ சொல்றது நியாயம்

ஹெச்.எம். சார் (8:58)
நியாயம்தான். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னும் பாக்கணும். தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து ஏரிங்க நிறைஞ்சு வழிஞ்சா இங்கதான் வரணும். இந்தப் பக்கம் கீழ்க்கட்டளை ஏரி நிறைஞ்சா நாராயணபுரம் ஏரி, அது நிறைஞ்சா சதுப்பு நிலம். கிட்டத்தட்ட 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யிற மழை. இவ்வளவு தண்ணியும் வெளிய போக ஒக்கியம் மடுவு ஒண்ணுதான் வழி, அங்கேர்ந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காட்டுல கடல். கடல் ஏத்தமா இருந்தா அதுவும் வாங்காது. அகலமான வாயும் குறுகலான கழுத்துமா இருக்கிற குடம் மாதிரி, ஊத்துறது சீக்கிரம் ஊத்திரும், வெளிய வர்றதுதான் கஷ்டம். இதுல நடுவுல 225 ஏக்கர்ல பெருங்குடி குப்பை வேற. பயோமைனிங் பண்ணி, அதாவது பழைய குப்பையத் தோண்டி தரம் பிரிச்சு, எடுத்துட்டு வர்றாங்க, அது நல்ல வேலை, சொல்லணும்.

விக்னேஷ் கார்னர் ஃப்ளாட் (9:10)
சார் சூப்பரா சொன்னீங்க. ரமேஷ் ப்ரோ, உங்க மாடியில தப்பில்ல, ஆனா மாடிக்கு விலக்கு குடுன்னு கேட்டா அந்த சந்துல யாரு நுழைவாங்க? ஏற்கனவே இருக்கிற ஷெட்டக் காட்டி அடிஷனல் ஃப்ளோர்னு சொல்லி பேஸ்மென்ட் தோண்டி இருபது மாடி எழுப்பிடுவாங்க. அப்ப நீங்களும் நானும் ஒண்ணா நீந்தணும்

செல்வி அக்கா டைலர் (9:14)
அவங்க எப்படியும் நுழைவாங்க தம்பி. அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க. ரமேஷுக்கு இந்த குரூப்தான் இருக்கு

ஹார்டுவேர் பாய் (9:15)
🔥🔥

மாடிவீட்டு மாமி (9:21)
மாடி போட்டா ஆள் ஜாஸ்தி, ஆள் ஜாஸ்தின்னா கழிவுநீர் ஜாஸ்தி, அதையும் யோசிங்கோ. பாதாள சாக்கடைக்கு தோண்டின பள்ளமே இன்னும் சரியா மூடலே. செப்டிக் டேங்க் லாரிக்காரன் ராத்திரி எங்க கொண்டுபோய் விடறான்னு யாருக்காவது தெரியுமோ

செல்வி அக்கா டைலர் (9:24)
பள்ளம்னதும் ஞாபகம் வருது, மெயின்ரோட்டுல மெட்ரோக்கு தகரம் அடிச்சதுலேர்ந்து என் கடை இருக்கிறதே யாருக்கும் தெரியல. கஸ்டமர் போன் பண்ணி அக்கா எந்த தகரத்துக்குப் பின்னாடிங்கிறாங்க. ஆனா ஓனர் மட்டும் மெட்ரோ வருதுன்னு வாடகைய ஏத்திட்டாரு. ரயில் இன்னும் வரல, வாடகை வந்துருச்சு

அட்மின் முருகன் (9:26)
😂 அக்கா. ஆனா வந்தா நல்லதுதான், மாதவரத்துலேர்ந்து கோயம்பேடு வழியா சோழிங்கநல்லூர் போற லைன், நம்ம மடிப்பாக்கத்துல ஸ்டேஷன். என் பையன் ஆபீஸ் போக இப்ப ஒன்றரை மணி நேரம் பைக்ல இடுப்பு ஒடியுது

ஹெச்.எம். சார் (9:40)
வளர்ச்சி வேணாம்னு இங்க யாரும் சொல்லல. 2011ல பஞ்சாயத்தா இருந்த மடிப்பாக்கத்த மாநகராட்சியில சேத்தப்ப நான்தான் முதல்ல ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன். கணக்கு கேக்குறோம், அவ்வளவுதான். ஒரு யோசனை. விக்னேஷ் பயமும் சரி, ரமேஷ் தேவையும் சரி, ரெண்டையும் ஒரே மனுவுல எழுதலாம். ஏற்கனவே அனுமதி வாங்கின வீடு, சின்ன மனை, அதே சுவருக்கு மேல ஒரே ஒரு மாடி, தோண்டுறது கிடையாது. இப்படி நாலு பக்கமும் அடைச்சு கேட்டா பெரிய ஆள் அதுல நுழைய முடியாது.

விக்னேஷ் கார்னர் ஃப்ளாட் (9:44)
சார் இது ஓகே, இதுக்கு நானே முதல் கையெழுத்து போடுறேன். கூடவே எல்லை எதுன்னு சர்வே நம்பரோட மேப் கேக்கலாம். இப்ப ஒரு கி.மீ.ன்னா எங்கேர்ந்து அளக்கறதுன்னு நமக்குத் தெரியாதே, ஒருத்தர் கூகுள் மேப்ல கோடு போட்டு அனுப்புறாரு, அதுல என் ஃப்ளாட் பாதி உள்ள பாதி வெளிய

ரமேஷ் 12ஆம் நம்பர் (9:46)
அப்ப கிச்சன் மட்டும் கட்டிக்கலாம் ப்ரோ 😀

ஹார்டுவேர் பாய் (9:50)
கால்வாய் தூர் வாருறதையும் சேருங்க சார். மழைநீர் வடிகால் கட்டினாங்க, ஆனா நம்ம தெரு முனையில கட்டினது அடுத்த தெருவோட சேரவே இல்ல, நடுவுல பத்தடி விட்டுட்டாங்க. தண்ணி அது வரைக்கும் ஜோரா வந்து நின்னுடுது. நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்

மாடிவீட்டு மாமி (9:52)
பாய் அந்த போட்டோவை பெரிசா பிரிண்ட் போடுங்கோ, அதிகாரி கண்ணாடி போடாமலே பாக்கறாப்ல

அட்மின் முருகன் (10:05)
ஓகே ஓகே. நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்கு பிள்ளையார் கோயில் வாசல்ல கூடுவோம். மனு ஹெச்.எம். சார் எழுதுவாரு, டைப் பண்றது விக்னேஷ். ஒரு காப்பி கலெக்டர் ஆபீஸ், ஒண்ணு தமிழ்நாடு ஈரநில ஆணையம், ஒண்ணு கவுன்சிலர். வீட்டுக்கு ஒருத்தராவது வரணும், பட்டா ஜெராக்ஸ், பழைய அப்ரூவல் காப்பி எடுத்துட்டு வாங்க

செல்வி அக்கா டைலர் (10:07)
வாடகைக்கு இருக்கிறவங்க வரலாமா? எங்களுக்கு பட்டா ஏது

ஹெச்.எம். சார் (10:09)
நீ வராம எப்படிம்மா. கரண்ட் பில்லு கொண்டுவா. தண்ணி பட்டா பாத்தா உள்ள வருது?

ரமேஷ் 12ஆம் நம்பர் (10:12)
சார் மனுவுல கூடுதல் கட்டுமானம்னு போடாதீங்க, இன்ஜினியர் சொன்னாரு அந்த வார்த்தையப் பாத்தாலே திருப்பி அனுப்பிடுவாங்களாம். "இருக்கும் வீட்டின் மேல் முதல் தளம்"னு போடுங்க

அட்மின் முருகன் (10:13)
நோட்டட். அப்புறம் செவ்வாய்க்கிழமை மழை சொல்லியிருக்காங்க, தண்ணியில முங்காம இருக்க வேளச்சேரி மேம்பாலத்துல கார் விடப்போறவங்க திங்கள் ராத்திரியே விட்ருங்க, போன வருஷம் லேட்டா போய் இடமே கிடைக்கல