இறக்கை முழுக்க வாஷ் கறை, வாலில் பெயிண்ட் உரிகிறது: எங்கே தப்பு செய்தேன்?

மூணாவது_கோட்:
வணக்கம். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான என் பொம்மைப் படையில் இதுவரை 28 மி.மீ. அளவு வீரர்கள்தான். நாற்பது பேர் வரை பெயிண்ட் அடித்து முடித்துவிட்டேன். இப்போதுதான் முதல்முறையாகப் பெரிய உருப்படி ஒன்றில் கை வைத்திருக்கிறேன்: இறக்கை முளைத்த ராட்சதப் பல்லி. இறக்கையை விரித்தால் 30 செ.மீ. உடம்பும் இறக்கையும் பிளாஸ்டிக், தலையும் வாலும் ரெசின்.

எல்லாவற்றையும் ஒட்டி, கறுப்பு ஸ்ப்ரே ப்ரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்து, மேலிருந்து லேசாக வெள்ளை தூவி, நீலப்பச்சை இரண்டு கோட் கொடுத்து, கடைசியில் பழுப்பு வாஷ் (பள்ளங்களில் நிழல் தெரிய, தண்ணீராகப் பூசும் நிறம்). வீரர்களுக்குச் செய்வதும் இதேதான். அவர்களுக்குச் சரியாக வந்தது இதற்கு மட்டும் வரவில்லை.

இறக்கைச் சவ்வில் வாஷ் காய்ந்ததும் திட்டுத் திட்டாக நிற்கிறது. ஒவ்வொரு திட்டுக்கும் பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஓரம் கறுத்திருக்கிறது. மறைக்கலாம் என்று இன்னொரு கை வாஷ் போட்டேன், ஒரு கோடு இரண்டு கோடாகிவிட்டது. இது போதாதென்று வாலில் பெயிண்ட் உரிகிறது. வாலைப் பிடித்துக்கொண்டுதான் அடிக்கிறேன், கட்டைவிரல் படும் இடத்தில் செதில் செதிலாக வருகிறது. பெயிண்டே மட்டமோ? பத்து நாளில் ஒரு ஆட்டம் இருக்கிறது. மொத்தமாகக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா?

உப்புத்தாள்:
அவசரப்பட்டு எதையும் கழுவாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: உரிந்து வந்த துணுக்கைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் என்ன நிறம்? நீலப்பச்சையா, கறுப்பா?

மூணாவது_கோட்:
கறுப்பு. நல்ல வழவழப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அது உரிந்த இடத்தில் வெறும் சாம்பல் நிற ரெசின் தெரிகிறது.

உப்புத்தாள்:
அப்படியானால் பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள். பெயிண்ட் ப்ரைமரை விடாமல் பிடித்திருக்கிறது, ப்ரைமர்தான் ரெசினைப் பிடிக்கவில்லை. ரெசின் பாகத்தை வார்க்கும்போது அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருள் பூசுவார்கள். அது பாகத்தின் மேலேயே தங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் வாலைச் சோப்புத் தண்ணீரில் கழுவினீர்களா?

மூணாவது_கோட்:
இல்லை. பிளாஸ்டிக் வீரர்களை ஒருநாளும் கழுவியதில்லை, அதனால் தோன்றவே இல்லை. அப்படியானால் தலையும் போச்சா?

உப்புத்தாள்:
போச்சென்று சொல்ல முடியாது. தலையில் கண்ணில் படாத இடத்தில், தாடைக்கு அடியில், மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் தலையும் கழுவ வேண்டியதுதான். வராவிட்டால் தொடாதீர்கள். இறக்கையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிளாஸ்டிக் என்பதால் வராது என்றே நினைக்கிறேன்.

மூணாவது_கோட்:
தலை தப்பித்தது. இறக்கையும். வாலில் ஒட்டிய டேப் விரல் நீளத்துக்குத் தோலுரித்துக்கொண்டு வந்தது. ஆனால் வாலைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறேனே, எப்படிக் கழற்றுவது?

ஈரத்தட்டு:
ஃப்ரீசரில் வையுங்கள். பையில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம். குளிரில் சூப்பர் க்ளூ நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்தவுடனே வாலின் அடிப்பகுதியைப் பிடித்து லேசாக முறுக்கினால் டக்கென்று விடும். நுனியைப் பிடித்து முறுக்காதீர்கள், பசை விடுவதற்கு முன் வால் ஒடிந்துவிடும்.

கழன்ற வாலை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சில ரெசின் அதில் அதிக நேரம் கிடந்தால் இளகும். அதனால் உடம்போடு சேரும் அடிமுனையை மட்டும் கால் மணி நேரம் நனைத்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் காய்ந்தபின் ப்ரைமர். உப்புத்தாள் போடுவதென்றால் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், ரெசின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

அப்புறம் ஒரு சொந்தப் புலம்பல்: தயவுசெய்து மாடலைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடிக்காதீர்கள். காலடியில் ஒரு காலி டப்பாவை ஒட்டிக்கொண்டு டப்பாவைப் பிடியுங்கள். ரெசினைக் கழுவியிருந்தாலும் விரல் எண்ணெய் பட்டுப் பட்டு அந்த இடம் எப்படியும் தேய்ந்துதான் போயிருக்கும்.

கறுப்புமை:
வால் பேச்சில் இறக்கையை மறந்துவிட்டீர்கள்.

வாஷ் என்பது பள்ளம் தேடி ஓடுகிற தண்ணீர். வீரனின் அங்கி கட்டைவிரல் நகத்தளவு, அதற்குள் பத்து மடிப்பு. ஊற்றினால் ஓடி ஒளிய இடம் இருக்கிறது. உங்கள் இறக்கைச் சவ்வு உள்ளங்கை அகலம், மடிப்பே கிடையாது. தேங்கிய இடத்திலேயே காயும். தேங்கலின் ஓரம்தான் முதலில் வற்றும், அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது நிறத்துகளையும் இழுத்துக்கொண்டு போகும். காபிக் கறையின் ஓரம் கறுப்பதும் இதனால்தான். 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதை விளக்கிக் கட்டுரையே எழுதினார்கள். ஆகவே மேலே இன்னொரு வாஷ் போட்டால் இன்னொரு ஓரம்தான் கிடைக்கும்.

கழுவ வேண்டியதில்லை. அதே நீலப்பச்சையைத் தண்ணீர் கலந்து, இறக்கையின் விரலெலும்பிலிருந்து சவ்வின் விளிம்பை நோக்கி இழுத்து இழுத்து இரண்டு மெல்லிய கோட். கறை மங்கியதும் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். அதன்மேல் ஆயில் பெயிண்ட். அடர்பழுப்பைச் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு அட்டைத்துண்டில் பிதுக்கி வையுங்கள், அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மணமில்லாத ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து இறக்கை முழுக்கப் பூசுங்கள். அரைமணி நேரம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்சால், எலும்பிலிருந்து விளிம்புக்கு ஒரே திசையில் துடையுங்கள். எலும்போரம் கருமை நிற்கும், சவ்வு நடுவில் கரைந்து போகும். பிடிக்கவில்லையா, அன்றைக்கே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம். அக்ரிலிக் வாஷ் அந்தச் சலுகையைத் தராது. மேட் வார்னிஷ் அடிக்க மூன்று நாளாவது பொறுங்கள்.

உப்புத்தாள்:
பத்து நாளில் ஆட்டம் வைத்திருப்பவரிடம் ஆயில் பெயிண்டா! ஸ்பாஞ்சைக் கிழித்து, கொஞ்சம் வெளுத்த நீலப்பச்சையைத் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, சவ்வு மேல் குத்திக் குத்தி எடுத்தால் இருபது நிமிட வேலை. மேசையில் யாரும் மூன்றடிக்குள் குனிந்து பார்க்கப்போவதில்லை.

கறுப்புமை:
அடிப்பவர் அரையடியில் பார்க்கிறாரே.

மூணாவது_கோட்:
ஆறு நாள் கழித்து வருகிறேன். வால் ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் இருந்தது, ஒரே முறுக்கில் கழன்றது. கழுவி, ப்ரைமர் அடித்து, டேப் ஒட்டி இழுத்தேன். டேப் சுத்தமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான்கு இடத்தில் ஒட்டி இழுத்துப் பார்த்தேன்.

இறக்கைக்கு இருவர் பேச்சையும் கேட்டேன். இடப்பக்கம் ஸ்பாஞ்ச் மட்டும், வலப்பக்கம் ஆயில் மட்டும். ஸ்பாஞ்ச் பக்கம் சொரசொரப்பாக நிஜத் தோல் மாதிரி வந்தது, ஆனால் தட்டையாகத் தெரிந்தது. ஆயில் பக்கம் ஆழம் இருந்தது, ஆனால் ரொம்ப வழவழ. கடைசியில் வலப்பக்கத்து ஆயிலைத் துடைத்தெடுத்துவிட்டு, இரண்டிலும் முதலில் ஸ்பாஞ்ச், வார்னிஷ் காய்ந்தபின் ஆயில் என்று முடித்தேன். பழைய கறை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது வாலைத் திரும்ப ஒட்ட வேண்டும். வெறும் பசை போதுமா?

ஈரத்தட்டு:
அவ்வளவு நீள வாலுக்குப் போதாது. ஒன்றரை மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை உள்ளே விடுங்கள். உடம்புப் பக்கம் முதலில் துளையிட்டு, துளையின் வாயில் ஈரப் பெயிண்ட் ஒரு புள்ளி வைத்து வாலை அழுத்தி எடுத்தால் எதிர்ப்பக்கம் எங்கே துளைக்க வேண்டும் என்று அடையாளம் விழும். கம்பியோடு ஒட்டுவதற்கு எபாக்ஸிப் பசை நல்லது. சேர்ந்த இடத்தில் இடுக்கு தெரிந்தால் புட்டி வைத்து, அது இறுகுவதற்குள் ஈர விரலால் நீவி, பக்கத்துச் செதில்களைப் பார்த்து ஊசியால் கீறிவிடுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் ப்ரைமரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். ஸ்ப்ரேயை எடுத்துவிடாதீர்கள், இறக்கை பக்கத்திலேயே இருக்கிறது.