ஒன்லைனில் காசு வாங்கும்போது எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

தலவாக்கலைத்_தூள் கேட்டது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வீட்டில் பொதி செய்த தேயிலைத்தூளும் ஸ்ட்ரோபரி ஜேமும் பேஸ்புக் வழியாக விற்கிறோம். பெரும்பாலும் 1,500 முதல் 6,000 ரூபா வரையான ஓடர்கள். காசு அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. வங்கி எப் இருப்பது என் போனில். ஓடிபி (ஒரு தடவைக்கு மட்டும் வரும் இரகசிய இலக்கம்) வரும் சிம் அண்ணன் பெயரில் எடுத்தது, அவர் கொழும்பில் வேலை.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். காசு போட்டாச்சு என்று சிலிப் படம் மட்டும் அனுப்பி, இன்றைக்கே கூரியரில் போடச் சொல்கிறார்கள். வேறு சிலர், காசு வந்து நிற்கிறது, எடுப்பதற்கு இந்த லிங்கில் அட்டை விபரம் கொடுங்கள் என்கிறார்கள். தபால் திணைக்களத்தின் பெயரில், பார்சல் நிற்கிறது, 85 ரூபா கட்டுங்கள் என்றும் மெசேஜ் வருகிறது. அம்மாவுக்கு ஆங்கில மெசேஜ் வாசிக்க வராது என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஹட்டன்_கவுண்டர் பதில்:

தங்கச்சி, உங்களுக்குக் காசு வருவதற்கு எதிர்ப்பக்கத்துக்குத் தேவையானது வங்கி, கிளை, கணக்கு இலக்கம், கணக்குக்காரரின் பெயர். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. அட்டையின் 16 இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து 3 இலக்கம், பின் இலக்கம், ஓடிபி எல்லாமே காசு வெளியே போகும் வாசலின் சாவிகள். "காசு வந்து நிற்குது, எடுக்க அட்டையைப் போடுங்க" என்பவர் உங்கள் அட்டையால் எதையோ வாங்கக் காத்திருக்கிறார். அவருக்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், புளொக் பண்ணிவிடுங்கள்.

85 ரூபா மெசேஜும் அதே வேலைதான். அந்தப் பக்கம் அச்சு அசல் தபால் திணைக்களத்தின் பக்கம் மாதிரியே இருக்கும், இலச்சினை உட்பட. பார்க்க வேண்டியது முகவரியை. முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடம் வரை வாசியுங்கள், அதற்கு ஒட்டி முன்னால் இருப்பதுதான் உண்மையான சொந்தக்காரன். அரசாங்கத் தளம் என்றால் அந்த இடம் "டொட் கவ் டொட் எல்கே" (.gov.lk) என்று முடியும். தபால் திணைக்களத் தளத்தின் பெயரான "எஸ்எல்போஸ்ட்" (slpost) என்ற சொல் முன்னால் எங்கே இருந்தாலும் பயனில்லை, அதை யாரும் தன் முகவரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

தவறி லிங்கை அமத்தி அட்டை விபரத்தையும் போட்டுவிட்டாலும், ஓடிபி வரும் கட்டத்தில் இன்னும் தப்பலாம். எல்லாரும் அந்த மெசேஜில் ஆறு இலக்கத்தைத் தேடுகிறார்கள், அதற்குப் பக்கத்தில் இருப்பதை வாசிப்பதில்லை. அந்தப் போலி இணையப் பக்கத்தில் 85 ரூபா என்று போட்டிருக்கும், மெசேஜில் "ஏஈடி 1,250.00" என்று இருக்கும். ஏஈடி என்றால் டுபாய் திர்ஹாம். கடையின் பெயர், தொகை, எந்த நாட்டுக் காசு, மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் இலக்கத்தைப் போடாதீர்கள், உடனே வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். விபரம் போனது போனதுதான். சில மெசேஜில் தொகையே இருக்காது, அட்டையை ஒரு கருவியில் பதிவு செய்வதற்கான இலக்கம் என்று மட்டும் இருக்கும். அது இன்னும் மோசம். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் அட்டை திருடனின் போனுக்குள் போய்விடும். பிறகு அவன் கடை கடையாகத் தட்டிக் காசு கட்டும்போது உங்களுக்கு ஓடிபி வராது.

அம்மாவுக்கு முழு ஆங்கிலமும் வேண்டாம். "ஓடிபி", "டு நொட் ஷேர்" என்ற சொற்கள் மெசேஜில் எப்படி எழுதியிருக்கும் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். அந்த எழுத்து வந்தால் யார் கேட்டாலும் இலக்கத்தை வாசித்துச் சொல்லக்கூடாது. வங்கியில் இருந்து பேசுகிறோம் என்றாலும், நல்ல தமிழில் "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் பேசினாலும் சரி. எந்த வங்கி ஊழியருக்கும் அந்த இலக்கம் தேவையில்லை.

இனி சிலிப். காசு போடும் மெஷினின் சிலிப்பில் 500ஐ 5,000 ஆக்குவது போனிலேயே நடக்கிற வேலை. வங்கியில் இருந்து வந்தது போன்ற மெசேஜையும் நம்ப முடியாது. அனுப்புபவரின் பெயரைப் போலியாகப் போட்டால், அது உங்கள் போனில் உண்மையான வங்கி மெசேஜ்களின் வரிசையிலேயே வந்து உட்காரும். எப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள், அது ஒன்றுதான் சாட்சி.

மீதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செஃப்ட்ஸ் என்ற வங்கிக்கு வங்கி உடனடி முறை வழியாக வேறு வங்கியில் இருந்து அனுப்பினால் காசு உடனேயே விழும். ஸ்லிப்ஸ் என்ற மற்ற முறை வழியாக வருவது தொகுதி தொகுதியாக வரும், அடுத்த வேலை நாளுக்கும் போகலாம். ஆகவே "இன்னும் விழவில்லை" என்பவர் எல்லாரும் கள்ளர் இல்லை, ஆனால் விழும் வரை பொதியை அனுப்பாதீர்கள். காசோலையைப் போட்டால், சிலிப்பும் உண்மை, கணக்கிலும் தொகை தெரியும், ஆனால் "எவைலபிள் பெலன்ஸ்" கூடியிருக்காது. அடுத்த வேலை நாள் காசோலை திரும்பி வந்தால் உங்கள் தூளும் இல்லை, காசும் இல்லை. மொத்த மீதியை விடுங்கள், எடுக்கக்கூடிய மீதியைப் பார்த்து அனுப்புங்கள்.

பதுளை_மொத்தம் பதில்:

முன்காசே வேண்டாம் என்று பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் கூரியருக்கு மாறலாம். ஆனால் ஆள் எடுக்காமல் விட்டால் திரும்பி வரும் செலவு உங்கள் தலையில். ஜேம் போத்தல் உடைந்து வந்தால் அதுவும். புது ஆட்களிடம் கூரியர் காசை மட்டும் முன்கூட்டி வாங்குவது நடுவழி.

பண்டாரவளை_போன்கடை பதில்:

சிம் விஷயத்தை யாரும் சொல்லல, அதான் எனக்குப் பெரிய கவலை. அண்ணன் பேர்ல சிம் இருந்தா, அது தொலைஞ்சா புதுசு எடுக்க அவருதான் அடையாள அட்டையோட போகணும். அவரு லீவு எடுத்து வாற வரைக்கும் உங்களால எப்புக்குள்ளேயும் போக முடியாம இருக்கலாம். ரெண்டு பேரும் அடையாள அட்டையோட கம்பெனி கிளைக்குப் போய் சிம்மை அம்மா பேருக்கு மாத்திருங்க. அண்ணன் அடுத்த தடவை திருவிழாவுக்கு வரும்போதே முடிச்சிருங்க.

நம்ம பக்கம் மழை வந்தா சிக்னல் போறது வழக்கம், அதால சிம் செத்துப் போனாலும் யாரும் கண்டுக்கறதில்ல. உங்க சிம்முக்கு வேற எவனாவது டூப்ளிகேட் எடுத்தாலும் உங்க போன்ல தெரியறது அதே "நோ சேர்விஸ்" தான். வித்தியாசம் பார்க்கிறது லேசு. அதே கம்பெனி சிம் இருக்கற இன்னொரு போனை அதே வாசல்ல வச்சுப் பாருங்க. அதுல சிக்னல் இருந்து, உங்க போன்ல ஓஃப் பண்ணிப் போட்ட பிறகும் வரலேன்னா, அந்தப் போனாலயே முதல்ல வங்கிக்கு எடுத்து ஒன்லைன் சேவையை நிறுத்தச் சொல்லுங்க, பிறகு சிம் கம்பெனிக்கு எடுங்க.

எவனாவது ஒரு கோட் அடிக்கச் சொல்லி நீங்க அடிச்சிருந்தா, உங்க கோல் எல்லாம் அவன் போனுக்குத் திரும்பியிருக்கலாம். ##002# அடிச்சா எல்லாத் திருப்பலும் நிக்கும்.

வட்ஸ்அப்பை விட்றாதீங்க. ஓடர் எல்லாம் அதுலதான் வருது. ஆறு இலக்கக் கோட் ஒண்ணு தவறி உங்க போனுக்கு வந்துருச்சு, அனுப்புங்கன்னு தெரிஞ்ச ஆள் பேர்லயே கேட்பாங்க. கொடுத்தா உங்க வட்ஸ்அப் அவன் கையில. உங்க வாடிக்கையாளர் எல்லாருக்கும் புதுக் கணக்கு இலக்கம் அனுப்பி அவன் காசு வாங்குவான். செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போய் சொந்தமா ஆறு இலக்க பின் ஒண்ணு போடுங்க.

வட்ஸ்அப்புலயே "லிங்க்ட் டிவைசஸ்" பாருங்க. டவுன் கொமியூனிகேஷன் கடையில ஸ்டிக்கர் பிரிண்ட் எடுக்க வட்ஸ்அப்பை அவங்க கம்பியூட்டர்ல திறப்போம், மூடாம வந்துருவோம். அப்புறம் அங்க உட்கார்ற எவனும் உங்க வட்ஸ்அப் செட் (உரையாடல்) எல்லாத்தையும், அதுல கிடக்கற வங்கிப் புத்தகப் படத்தையும் பார்க்கலாம். தெரியாத கருவி பேர் இருந்தா அமத்தி லொக் அவுட் குடுங்க. வங்கி எப்பை கொமியூனிகேஷன் தம்பிதான் போட்டுக் குடுத்தாருன்னா, அவரு நல்லவராவே இருந்தாலும் பாஸ்வேர்டையும் பின்னையும் வீட்டுக்கு வந்து மாத்துங்க.

எப் எதுவும் வட்ஸ்அப்ல வர்ற ஃபைலா இருந்தா போடாதீங்க, பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும். உதவி பண்றேன்னு சொல்லி எனிடெஸ்க் மாதிரி திரையைப் பகிர்ற எப் போடச் சொன்னா, நீங்க ஓடிபி சொல்லவே வேண்டாம், அவன் உங்க திரையிலேயே வாசிச்சுக்குவான்.

தலவாக்கலைத்_தூள்:

மிக்க நன்றி, லிங்க்ட் டிவைசஸில் தெரியாத ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. யாராவது கூடுதலாகக் காசு போட்டுவிட்டு, மிச்சத்தை வேறு கணக்குக்குத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பலாமா? கணக்கில் இருந்து காசு போயே விட்டால் முதலில் யாரிடம் போவது?

ஹட்டன்_கவுண்டர் பதில்:

திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அந்தக் காசு உண்மையில் விழுந்ததா என்று பாருங்கள், பாதி நேரம் விழுந்தே இருக்காது. விழுந்திருந்தால், அது இன்னொருவரிடம் திருடிய காசாக இருக்கலாம். நீங்கள் வேறு கணக்குக்கு அனுப்பினால் திருட்டுக்காசு உங்கள் கை மாறிப் போனதாகப் பதிவாகும், பொலிஸ் தேடி வருவது அம்மாவின் பெயருக்கு. கிளைக்குப் போய் தவறான வரவு என்று எழுதிக் கொடுங்கள், அது வந்த கணக்குக்கே வங்கி திருப்பட்டும். போன் கம்பெனிகளின் காசுச் சேவையான ஈசி கேஷ், எம் கேஷ் வழியாகத் தவறி வந்த காசுக்கும் இதே பதில்தான், அங்கே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்ல வேண்டும்.

இதைச் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் தோட்டங்களில் படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளைகளைக் குறிவைத்து நடக்கிறது. "உன் கணக்கையும் ஏ.டி.எம் அட்டையையும் ஒரு மாதத்துக்குத் தா, கமிஷன் தருகிறேன்" என்று கேட்பவருக்கு ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ஏமாற்றிய காசு வந்து விழுவது அந்தக் கணக்கில்தான், விசாரணையில் முதலில் அகப்படுவதும் அந்தப் பிள்ளைதான். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் வரைக்கும் அது போகலாம். தம்பி தங்கச்சிமாரிடம் தயவுசெய்து இதைச் சொல்லிவையுங்கள்.

காசு போய்விட்டால் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்குத்தான் முதல் கோல். செஃப்ட்ஸ் காசை நாம் நினைத்தபடி திரும்ப இழுக்க முடியாது, ஆனால் மற்றப் பக்கத்தில் அவன் எடுப்பதற்கு முன் வங்கிக்கு வங்கி பேசி நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் நிமிடங்கள் முக்கியம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அட்டையையும் ஒன்லைன் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள், பேசியவரின் பெயரையும் நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.

அவனோடு பேசிய செட்டை (உரையாடலை) அழிக்காதீர்கள், அவமானமாக இருந்தாலும். அவனுடைய இலக்கம், லிங்க், கணக்கு இலக்கம், கொடுக்கல் வாங்கலின் ரெபரன்ஸ் இலக்கம், நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து அச்சடியுங்கள். அதோடு உங்கள் பகுதிப் பொலிஸில் முறைப்பாடு போட்டு, பிரதியை வங்கியிடம் எழுத்துமூலக் கடிதத்தோடு கொடுங்கள். போலிப் பக்கம், பறிபோன வட்ஸ்அப், பேஸ்புக் கணக்கு என்றால் கணினி அவசர உதவி நிலையமான இலங்கை சேர்ட்டின் 101க்கு எடுக்கலாம். வங்கி சரியாகப் பதில் தராவிட்டால் அந்த முறைப்பாட்டு இலக்கத்தோடு மத்திய வங்கியின் 1935க்கு எடுங்கள். வங்கியிடம் முதலில் முறையிட்டீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள், அதற்குத்தான் எழுத்தில் கொடுக்கச் சொன்னேன்.

அடுத்த நாளே "இழந்த காசை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 10,000" என்று யாராவது எழுதினால் அதே கூட்டம் இரண்டாம் முறை வந்திருக்கிறது.

அம்மாவின் சேமிப்புக் கணக்கில் வியாபாரக் காசை வாங்க வேண்டாம் என்பேன். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வெள்ளிக்கிழமை தோறும் மிச்சத்தைச் சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள். சேமிப்புக் கணக்கின் அட்டையில் ஒன்லைன் கொள்வனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் எப்பிலோ கிளையிலோ மூடிவைக்கலாம். வங்கியின் அவசர இலக்கத்தை அட்டைக்குப் பின்னால் இருந்து பார்த்து, போனில் இல்லாமல் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போன் கையில் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.