பழைய கல்யாண டிவிடி எல்லாம் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும், எப்படி டெஸ்ட் பண்றது?

கடலோரம்:
அண்ணன்மாரே, நம்ம வீடு குளச்சல் பக்கம், கடல்ல இருந்து கூப்பிடு தூரம். அப்பா அம்மா கல்யாண கேசட்ட 2006-ல ஸ்டுடியோவுல குடுத்து டிவிடியா மாத்துனது, அக்கா கல்யாணம், கோயில் திருவிழா, தாத்தா உக்காந்து பழைய கத பேசுனதுன்னு ஒரு பெட்டி நெறைய கெடக்கு. பாதி மோசர்பேர், கொஞ்சம் வெர்பாட்டிம், மிச்சம் பேரே இல்லாத வெள்ள டிஸ்க். ரெண்டு மூணு இப்பவே கட்டம் கட்டமா ஒடையுது, கடைசியில ஓடவே மாட்டேங்குது. மத்தது பிளேயர்ல சுத்தமா ஓடுது, ஆனா ஓடுதுன்னு நம்பி விட்டுரலாமா? தாத்தா குரல் வேற எங்கயும் கெடையாது, நெனச்சாலே பக்குன்னு இருக்கு. புதுசா எழுதணும்னா எந்த டிஸ்க் வாங்கணும்னும் சொல்லுங்க.

தக்கலை டேட்டா:
முதல்ல தாத்தா டிஸ்க்க கம்ப்யூட்டர்ல காப்பி எடுங்க, டெஸ்ட் எல்லாம் அப்புறம்.

ஓடுறத வச்சு நம்பாதீங்க. டிவிடியில தப்ப திருத்திக்கிறதுக்குன்னே கூடுதல் டேட்டா சேத்து எழுதியிருக்கும், அதனால உள்ள தப்பு ஏறிக்கிட்டே போனாலும் படம் பளிச்சுன்னு தெரியும், திருத்த முடியாத எல்லைக்கு வந்த பெறவுதான் ஒடைய ஆரம்பிக்கும். அப்ப நாம பாக்க வேண்டியது அந்த தப்போட எண்ணிக்கைய. டிவிடிக்கு பிஐஇ (முதல் சுத்துல டிரைவ் கண்டுபிடிக்கிற தப்பு), பிஐஎஃப் (அந்த சுத்துல திருத்த முடியாம மிஞ்சுன தப்பு)னு ரெண்டு கணக்கு. வரிசையா 8 ஈசிசி பிளாக்குல (திருத்துற டேட்டாவும் சேந்த ஒரு துண்டுதான் ஒரு பிளாக்) பிஐஇ 280-ஐ தாண்டக்கூடாது, ஒரு பிளாக்குல பிஐஎஃப் 4-ஐ தாண்டக்கூடாது, ஸ்டாண்டர்டே அப்படித்தான். சிடின்னா அதே மாதிரி சி1, சி2. சி2ங்கறது சி1 சுத்துல திருத்த முடியாம மிஞ்சுன தப்பு, அது வந்துட்டா அன்னைக்கே காப்பி எடுத்துரணும்.

இத எண்ணிக் காட்டுற சாஃப்ட்வேர், விண்டோஸ்ல நீரோ டிஸ்க்ஸ்பீடு, லினக்ஸ்ல கியூபிஎக்ஸ்டூல். ஆனா எல்லா டிரைவும் இந்த கணக்க வெளிய குடுக்காது, பழைய லைட்ஆன், பென்க்யூ டெஸ்க்டாப் டிரைவ் கெடச்சா விட்டுராதீங்க. இன்னொன்னு, ஒரு டிரைவ்ல வந்த நம்பர வேற டிரைவ் நம்பரோட ஒப்பிட்டா அர்த்தமே இல்ல. அதே டிரைவ், அதே ஸ்பீடு, எழுதுன அன்னைக்கு ஒரு ஸ்கேன், வருசா வருசம் ஒரு ஸ்கேன், ஸ்கேன்ல வர்ற கிராஃப் படத்த சேவ் பண்ணி வச்சு பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஒரு தடவ வர்ற நம்பர விட அது ஏறுதா நிக்குதாங்கறதுதான் ஆயுசு சொல்லும்.

வீடியோ அண்ணாச்சி, மார்த்தாண்டம்:
தம்பி, சாஃப்ட்வேருக்கு முன்ன டியூப் லைட்டுக்கு கீழ சாய்ச்சு பிடிச்சு பாரும். ஓரத்துல, வெளி வட்டத்துல, மங்கலா தேமல் மாதிரி படர்ந்திருக்கா? டிவிடிங்கறது 0.6 மில்லிமீட்டர் தகடு ரெண்ட பசை போட்டு ஒட்டுனது, ஒட்டு சரியில்லன்னா ஓரம் வழியா ஈரம் ஏறி உள்ள இருக்க வெள்ளிப்பூச்ச கெடுக்கும். எழுத்து உள்ள இருந்து வெளிய போறதுனாலதான் உமக்கு கடைசி பாகம் முதல்ல போச்சு. சிடின்னா கத வேற, மேல்பக்க லேபிளுக்கு அடியில மெல்லிசா அரக்குப்பூச்சு மட்டும்தான், அந்தப் பக்கம் கீறல் விழுந்தா டேட்டாவே போயிரும்.

அந்த காலத்துல மாப்பிள்ள பொண்ணு போட்டோவ ஸ்டிக்கரா டிஸ்க்குல ஒட்டி குடுப்பாங்க, பாக்க அழகு, ஆனா ஈரத்துல ஸ்டிக்கர் சுருங்கும், டிஸ்க் லேசா வளையும், டிரைவ்ல உதறும். அத உரிக்கவும் செய்யாதீரும், பூச்சும் சேந்து வரும். பிளாஸ்டிக் கவர் ஆல்பத்துல இருந்து எடுத்து கெட்டி டப்பாவுல போட்டு நிமித்தி வையும். 4-ல இருந்து 20 டிகிரி சூடு, 20-ல இருந்து 50 சதவீதம் ஈரம்னு புத்தகத்துல போட்டிருக்கு, நம்ம ஊருல ஆனி ஆடி சாரலும் ஐப்பசி அடைமழையும் கடக்காத்தும் சேந்தா அதுக்கு எங்க போவ? இறுக்கமா மூடுற டப்பா, சிலிக்கா ஜெல் பாக்கெட், அத அப்பப்ப மாத்துறது, இவ்வளவுதான் நம்மால முடியும்.

கடலோரம்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. எனக்க கிட்ட லேப்டாப் டிரைவ்தான் இருக்கு, பிஐஇ காட்ட மாட்டேங்குது. வேற வழி இருக்கா?

பைங்குளம் லினக்ஸ்:
டிரான்ஸ்ஃபர் ரேட் டெஸ்ட், அதாவது டிஸ்க்க எவ்வளவு வேகத்துல படிக்குதுன்னு கோடு போட்டு காட்டுறது, எந்த டிரைவ்லயும் ஓடும். கோடு வழவழன்னு ஏறிட்டு போனா சரி, பள்ளம் விழுற எடத்துல டிரைவ் திரும்பத் திரும்ப படிச்சு தெணறுதுன்னு அர்த்தம். ஒடைஞ்ச டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூங்கற காப்பி எடுக்குற சாஃப்ட்வேர போடுங்க, நல்ல பாகத்த முதல்ல எடுத்துட்டு கெட்ட பாகத்துக்கு கடைசியில வரும், மேப் ஃபைல் (எது எடுத்தாச்சு, எது மிச்சம்னு குறிச்சு வைக்கிறது) குடுத்தா நிப்பாட்டி வேற டிரைவ்ல மிச்சத்த தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காதத இன்னொன்னு படிக்கும், இது நெசம்.

புதுசு வாங்குறதுக்கு: பிராண்டு பேர மட்டும் நம்பாதீங்க, மீடியா ஐடி (நெசமா யாரு செஞ்ச டிஸ்க்குன்னு டிஸ்க்லயே பதிஞ்சிருக்க கோடு) பாருங்க. ஜப்பான் கம்பெனி தயோ யூடென் டிஸ்க் செய்யறத 2015-லயே நிப்பாட்டிட்டான், வெர்பாட்டிம் 2019-ல தைவான் கம்பெனி சிஎம்சி கைக்கு போயிட்டு. என்னோட அபிப்பிராயம், சாயம் இல்லாத டிஸ்க்கா வாங்குங்க. சாதா டிவிடி-ஆர் எல்லாமே ஆர்கானிக் சாயத்துலதான் டேட்டாவ பதிக்கும், சூடும் வெயிலும் அத வெளுக்க வைக்கும். ரொம்ப நாள் தாங்கணும்னே செய்யற எம்-டிஸ்க், இல்லன்னா எச்டிஎல் வகை புளூரே, ரெண்டுலயும் சாயம் கெடையாது. எல்டிஎச்னு போட்ட புளூரே சாயம்தான், வேண்டாம். எம்-டிஸ்க்குக்கு 1000 வருசம்னு சொல்லுதாங்க, அது லேப்ல சூடும் ஈரமும் ஏத்தி டெஸ்ட் பண்ணி கணக்கு போட்டு நீட்டுன நம்பர், குளச்சல் பீரோவுல வச்சு பாத்தது இல்ல. அழிச்சு திரும்ப எழுதுற ஆர்டபிள்யூ டிஸ்க்குல இதையெல்லாம் எழுதவே எழுதாதீங்க. எழுதுன பெறவு வெரிஃபை கண்டிப்பா போடுங்க, கூட ஒரு ஹார்ட் டிஸ்க் காப்பி, இன்னொரு காப்பி அக்கா வீட்டுல.

கடலோரம்:
தாத்தா டிஸ்க் முழுசா ஏறிட்டு, ஒரு எர்ரரும் இல்ல. அப்பா அம்மா கல்யாணத்துலதான் வெளி ஓரம் கொஞ்சம் நிக்குது, மேப் ஃபைல் வச்சிருக்கேன். மச்சான் வீட்டுல ஒரு பழைய லைட்ஆன் டிரைவ் கெடக்காம், ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வந்து மிச்சத்த ஓட்டி பாக்கேன்.