பாம்பன் வீட்டுச் சொந்தங்கள்: டிவிக்குப் போத்துன போர்வை

லட்சுமி, காலை 6:50
தமிழு, உம் மகன் கவின் ராத்திரி மறுபடியும் எந்திரிச்சு உக்காந்துட்டான். டிவி மேல போர்வையப் போத்திட்டுத்தான் படுத்தான். மூணு நாளா இதே பாடு

தமிழரசி
டிவிக்கு எதுக்கு மதினி போர்வை?

தமிழரசி
மூணு நாளா எனக்கு யாருமே சொல்லல

செல்வி
பேய்ப்படம் பாத்துருக்கான். சூர்யா போட்டது

தமிழரசி
டேய் சூர்யா

பாண்டி (துபாய்)
அந்த டிவி அம்மா சீரியல் பாக்கன்னு நான் வாங்கிக் குடுத்தது

லட்சுமி
கொழுந்தனாரே, இப்ப டிவிக் கணக்கு வேணாம்

சூர்யா, 7:35
அத்தை, சத்தியமா அவன் தூங்கிட்டான்னுதான் நெனச்சேன். மீன்பிடித் தடைக்காலம்ல, அப்பாவும் வீட்டுலதான் இருக்காக. டெய்லி ராத்திரி எல்லாரும் சேந்து படம் பாக்குறோம். அவன் அப்பத்தா பக்கத்துல பாயில படுத்திருந்தான். போர்வைய விலக்கிப் பாத்துருக்கான்

தமிழரசி
என்ன படம்

சூர்யா
யாவரும் நலம். மாதவன் நடிச்சது. 2009ல வந்த படம், ரொம்பப் பயங்கரமா இருக்காதுன்னு நெனச்சுட்டேன்

முருகேசன், 7:58
எல்லாரும் கொஞ்சம் பொறுமையா வாசிங்க. நானும் அந்தப் படத்தப் பாத்துருக்கேன். அதுல பேய் புளியமரத்துலயோ கெணத்துலயோ இல்ல. டிவிக்குள்ள இருக்கு. மத்தியானம் 1 மணிக்கு ஒரு சீரியல் ஓடும், அதுல நடக்குறதெல்லாம் அந்த வீட்டுலயும் நடக்கும். நம்ம வீட்டுல 1 மணிக்கு என்ன நடக்கும்? அம்மா சீரியல் போடுவாக. எட்டு வயசுப் பிள்ளைக்கு எது படம், எது நம்ம வீடுன்னு அந்த நேரத்துல பிரிச்சுப் பாக்க வராது. அவன் போர்வை போத்துனது கிறுக்குத்தனம் இல்ல. தன்னையும் அம்மாச்சியையும் காப்பாத்த அவனுக்குத் தெரிஞ்ச வழி அது. யாரும் சிரிச்சிராதீங்க

செல்வி
ஆமாண்ணே, 1 மணிக்குத்தான் அலறுனானாம்

செல்வி
அம்மாவும் மூணு நாளா சீரியல் பாக்கல

பாண்டி (துபாய்)
அம்மா சீரியல் பாக்கலையா??

லட்சுமி
இது பயந்த கோளாறுதான். வெள்ளிக்கிழம ஏர்வாடி தர்காவுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். இல்லாட்டி நம்ம கோடாங்கிகிட்ட திருநூறு போட்டுருவோம்

தமிழரசி
மதினி கோவிச்சுக்காதீக. கோடாங்கி வேணாம். சின்னதுல எனக்கு வேப்பிலை அடிச்சதே இன்னும் மறக்கல

லட்சுமி
அது உங்கம்மா கூட்டிட்டுப் போனது. அப்ப நான் இந்த வீட்டுக்கு வாக்கப்படவே இல்ல

முத்துராஜ்
சூர்யா எங்க. கிழிஞ்ச வலை அப்படியே கெடக்கு

முருகேசன், 8:20
சூர்யா, ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்த மாதிரிப் படத்துல பாதிப் பயம் காது வழியா வருது. சத்தத்தக் குறைச்சுக்கிட்டே போவான். நாமளும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். அப்பப் பாத்து சடார்னு ஒரு அடி. அது யோசிச்சுப் பயப்படுறது இல்ல, ஒடம்பு தானாத் தூக்கிப் போடுறது. வேட்டுச் சத்தத்துக்குக் கைப்பிள்ள திடுக்குனு துள்ளுதுல்ல, அதேதான். கொட்டகையில பாத்தா கூட நூறு பேர் இருக்காக. முடிஞ்சதும் லைட்டப் போடுவான், வெளிய வந்து ஒரு டீயக் குடிச்சுட்டு நடந்தா பாதிப் பயம் போயிரும். வீட்டுல அப்படி இல்ல. எந்த எடத்துல பேயப் பாத்தோமோ அதே எடத்துல பாய விரிச்சுப் படுக்கணும். பெரியவுகளுக்கே செரமம்

முருகேசன்
இன்னொண்ணு. 2021ல வந்த விதிப்படி ஓடிடியில ஒவ்வொரு படத்துக்கும் வயசு போட்டுருக்கணும். யு, 7+, 13+, 16+, ஏ. 13+ல இருந்து மேல உள்ளதுக்குப் பிள்ளைக பாக்க முடியாம பூட்டுற வசதியும் குடுக்கணும். நம்ம டிவியில பூட்டு இருக்கா?

சூர்யா
இருக்கு சித்தப்பா. நாலு நம்பர்

சூர்யா
கவினுக்கும் தெரியும்

தமிழரசி
நல்லாருக்கு

செல்வி, 9:10
இப்ப இங்க பாம்பன் வீட்டுலதான் இருக்கேன். அம்மா பேசணுங்கிறாக. குரல் பதிவு போட்டா தமிழு ஆபீசுல கேக்க முடியாது, அதனால சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்

செல்வி
"பிள்ளைய யாரும் வையாதீங்க. மொத நாள் வேற ஒரு படம் போட்டான்ல, அதுல நான் பாதியிலயே எந்திரிச்சுத் திண்ணைக்குப் போயிட்டேன். பேய்க்குப் பயந்து போகல. படம் பூராம் காத்து ஊளையிடுற சத்தம். அது எனக்கு ஆகாது. புயல்ல தனுஷ்கோடி அழிஞ்ச ராத்திரி எனக்கும் கவின் வயசுதான். எங்கய்யா கதவு தொறந்துக்காம அம்மிக்கல்ல அண்டக் குடுத்துட்டு அதுமேலயே உக்காந்திருந்தாக. விடிஞ்சு பாத்தா ரயிலயே காணோங்கிறாக. அதுக்கப்புறம் ஒரு வருசம் எங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குனாக. கோடாங்கியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. கவின் என் பக்கத்துலயே படுக்கட்டும்"

பாண்டி (துபாய்)
அம்மா இத எங்கிட்டச் சொன்னதே இல்ல

செல்வி
நீ கேட்டாத்தான

முருகேசன்
1964 டிசம்பர் 22. இங்க பாம்பன்ல இருந்து கெளம்பிப் போன பாசஞ்சர் அது. அதுல இருந்த நூறு பேருக்கு மேல செத்துப் போனாக

சூர்யா
ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்ப ராமேஸ்வரத்துலதான் மாட்டிக்கிட்டாங்களாம்ல

லட்சுமி
நாங்க அத்தையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். நீ சினிமாக்காரகளப் பத்திப் பேசு

தமிழரசி
அம்மா அழுகுறாகளா

செல்வி
இல்ல. வெத்தல போடுறாக

முருகேசன், 10:05
சூர்யா, இன்னைக்குப் பகல்லயே அந்தப் படத்தப் போடு. சன்னலெல்லாம் தொறந்து வச்சுக்க. சத்தம் சுத்தமா வேணாம். ரிமோட்டு அவன் கையில இருக்கட்டும், எங்க நிறுத்தணுமோ அவன் நிறுத்தட்டும். பயந்தா உடனே விட்டுரு. கட்டாயப்படுத்தாத

தமிழரசி
அண்ணே, எனக்கு இது சரியாப் படல

முருகேசன்
பத்து நிமிசந்தான்மா

முத்துராஜ்
வலை

சூர்யா, மத்தியானம் 1:40
போட்டோம். மொத அஞ்சு நிமிசம் என் மடியிலயே உக்காந்திருந்தான். அப்புறம் அவனே படத்த நிறுத்தி, சத்தம் இல்லைன்னா இவங்க சும்மா நடந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னான்

சூர்யா
போர்வைய மடிச்சுக்கூட வச்சான்

சூர்யா
ஆனா 1 மணி ஆனதும் திரும்பப் போத்திட்டான்

லட்சுமி
அதான் சொன்னேன் ஏர்வாடி

தமிழரசி
சனிக்கிழம நான் வர்றேன். அதுவரைக்கும் எந்தப் பேய்ப்படமும் வேணாம். பகல்லயும் வேணாம்

முருகேசன்
சரி. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். அந்த நாள் பாப்போம். சிவாஜி படம், 1954. கொலையப் பத்திதான், ஆனா பேய் கெடையாது. வீணை வாசிப்பாரே எஸ். பாலச்சந்தர், அவரு எடுத்தது. படத்துல ஒரு பாட்டுகூட இல்ல

லட்சுமி
சிவாஜி படத்துல பாட்டு இல்லையா?

செல்வி
கவினுக்கு வேணாம்ணே. பெரியவுக மட்டும் பாக்கலாம்

தமிழரசி
வந்து பேசிக்கிருவோம்

லட்சுமி
வர்றப்ப மதுரை மல்லி நாலு முழம் வாங்கிட்டு வா

பாண்டி (துபாய்)
அம்மா சீரியலுக்கு என்ன வழி?

செல்வி
போன்ல பாக்குறாக. கவின் பக்கத்துலயே உக்காந்து கதை கேட்டுக்கிட்டு இருக்கான். போன்ல வந்தா பேய் சின்னதாத்தான் இருக்குமாம்

பாண்டி (துபாய்)
எந்த போன்? நான் அனுப்புனதா?