டிரான்ஸ்ஹியூமனிசம் மாணவர் மன்றம்: முதல் பருவத்தில் எதைச் செய்யலாம்?

இசிஇ_மூன்றாமாண்டு:
எங்கள் பொறியியல் கல்லூரியில் டிரான்ஸ்ஹியூமனிசத்துக்கும் (தொழில்நுட்பத்தால் மனித உடல், அறிவின் எல்லைகளைத் தாண்டலாம் என்ற சிந்தனை) அதை ஒட்டிய புதிய தொழில்நுட்பங்களுக்கும் ஒரு மன்றம் தொடங்குகிறோம். இருபது பேர், வாரம் ஒரு மாலை. வீடியோ பார்த்துவிட்டுக் கலைகிற கூட்டமாகிவிடக் கூடாது. கையால் செய்யவும் வேண்டும், உட்கார்ந்து வாதாடவும் வேண்டும். மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: தசையின் மின்சைகையால் இயங்கும் செயற்கைக் கை, 9 வோல்ட் பேட்டரியை வைத்து மூளைக்கு மெல்லிய மின்னோட்டம், தோலுக்கடியில் என்எஃப்சி சிப் (அருகில் கொண்டுபோனால் வயர் இல்லாமல் தகவல் பரிமாறுவது). எதை எடுக்கலாம்? ஆய்வகத்தில் ஏடி8232 இசிஜி போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. தசைக்கும் அதையே பயன்படுத்தலாமா?

தசைமின்:
செயற்கைக் கையை எடுங்கள். ஒரு பருவத்துக்குத் தாராளமாக வேலை இருக்கிறது.

ஏடி8232 வேண்டாம். கடையில் கிடைக்கும் அந்த போர்டுகளின் ஃபில்டர் இதயத்துக்காக அமைந்தது. ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும். தசைச் சைகை 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும், அதன் வலுவான பகுதி 50க்கும் 150க்கும் நடுவில். வேண்டியதை எல்லாம் வெட்டிவிட்டு, வயர் ஆடுகிற ஆட்டத்தைத்தான் அது காட்டும். இஎம்ஜிக்கென்றே, அதாவது தசையின் மின்சைகையைப் பதிவு செய்யவென்றே உள்ள போர்டு வாங்குங்கள்: மையோவேர், அல்லது இந்தியத் தயாரிப்பான பயோஆம்ப் இஎக்ஸ்ஜி பில்.

தோலில் ஒட்டிச் சைகையை எடுக்கும் ஜெல் எலக்ட்ரோடு மூன்று வேண்டும். முன்கையின் உட்புறம், முஷ்டியை மடக்கினால் புடைக்கும் இடத்தில் இரண்டு, தசை ஓடும் திசையிலேயே, மையத்துக்கு மையம் 2 சென்டிமீட்டர். மூன்றாவது முழங்கை எலும்பின் மேல். ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். கையில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஜெல் பிடிக்கவே பிடிக்காது, வியர்வையும் அப்படித்தான். பிரித்த பாக்கெட்டை மடித்து மூடி வைக்காவிட்டால் அடுத்த வாரத்துக்குள் ஜெல் காய்ந்துவிடும்.

போர்டு தரும் சைகையை ஆர்டுயினோ உனோவில் (சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) நொடிக்கு 1000 முறை படியுங்கள். பலரும் அது கணினிக்கு அனுப்பும் சீரியல் வேகத்தை 9600லேயே விட்டுவிடுகிறார்கள். அதில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். ஒரு அளவீட்டுக்கு ஐந்து எழுத்து என்றால் நொடிக்கு 192 அளவீடுதான் போகும். 115200 வையுங்கள்.

படித்த எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, எதிர்மறையை நேர்மறையாக்கி, கடைசி 100 அளவீடுகளுக்கு நகரும் சராசரி எடுங்கள். கை ஓய்வில் இருக்கும்போது 10 நொடி பதிவு செய்து, அதன் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் கை மூடுவதற்கான வரம்பு கிடைக்கும். திறப்பதற்கு அதைவிடத் தாழ்ந்த இன்னொரு வரம்பு வையுங்கள். ஒரே வரம்பு என்றால் எல்லைக்கோட்டில் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

விரல்களுக்கு இன்மூவ் ரோபோவின் கைக்கான 3டி அச்சுக் கோப்புகள் இணையத்தில் இலவசம். பிரெஞ்சுச் சிற்பி கேல் லான்ஜெவின் 2012ல் தொடங்கிய திட்டம் அது.

கவனம்_முதலில்:
மூளைக்கு மின்னோட்டம் தரும் யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள். ஆய்வகங்களில் டிடிசிஎஸ் என்ற பெயரில் இதைச் செய்பவர்கள் 1 முதல் 2 மில்லிஆம்பியரில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியோடு, ஆளைப் பரிசோதித்த பிறகே செய்கிறார்கள். வெறும் பேட்டரியில் மின்னோட்டத்தை முடிவு செய்வது தோலின் மின்தடைதான். ஜெல் கொஞ்சம் காய்ந்தாலும் ஒரே புள்ளியில் குவிந்து தோல் வெந்துவிடும். சிப்பும் வேண்டாம். கல்லூரி அறை அறுவை அரங்கு அல்ல. என்எஃப்சி பற்றிக் கற்க மோதிரமோ அட்டையோ போதும்.

தசைமின் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். உடம்பில் எலக்ட்ரோடு இருக்கும்வரை எல்லாமே பேட்டரியில்தான் ஓட வேண்டும். லேப்டாப் சார்ஜர், மோட்டார் அடாப்டர் இரண்டும் சுவரிலிருந்து கழன்றிருக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கிரவுண்ட் வயரும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், அடாப்டரில் கோளாறு வந்தால் அந்த மின்சாரத்துக்குப் பாதை உங்கள் நண்பரின் கை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இதில் உட்காரக் கூடாது. சும்மா செய்து பார்ப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் வேறுபாடு உண்டு: பதிவுகளைச் சேகரித்துக் கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எழுத்து ஒப்புதலும் தேவை. முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள்; அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

வாதமேடை:
வாதத்துக்கு "மனிதன் சாகாவரம் பெறலாமா" போன்ற தலைப்பு வைத்தால் இரண்டே வாரத்தில் பேச்சு தீர்ந்துவிடும். நடந்தவற்றை வையுங்கள்.

முதலில் ஆர்கஸ் 2. பார்வை இழந்தவர்களுக்காக செகண்ட் சைட் நிறுவனம் செய்த விழித்திரைக் கருவி, 60 எலக்ட்ரோடுகள், 2013ல் அமெரிக்க அனுமதி. 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்ட பிறகு நிறுவனம் அதைக் கைவிட்டது, 2020ல் திவாலாகும் நிலைக்கும் போனது. கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்களுக்கு உதிரிபாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை என்றானது. உடலுக்குள் இருக்கும் பொருளின் மென்பொருள் யாருக்குச் சொந்தம், நிறுவனம் மூடினால் வரைபடங்களை வெளியிட வேண்டுமா என்று இரு அணிகளாகப் பிரிந்து பேசுங்கள்.

அதே கேள்வி நம் ஊரிலும் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்துகிறார்கள். அறுவைக்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி, காதுக்கு வெளியே உள்ள கருவியின் வயர், பேட்டரி என்று பல ஆண்டு தொடரும் செலவு இருக்கிறது. கேட்பியல் நிபுணர் ஒருவரை அழைத்து இதை மட்டும் பேசச் சொன்னால் ஒரு மாலை போதாது.

2018ல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் கருவில் மரபணுவைத் திருத்திய விவகாரத்தையும், 2023ல் அரிவாள்செல் நோய்க்கு அனுமதி பெற்ற கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் கருவி) சிகிச்சையையும் ஒரே நாளில் எடுங்கள். கருவி ஒன்றுதான், ஒன்று பரம்பரைக்குப் போகும், மற்றது அந்த நோயாளியோடு நின்றுவிடும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியின் 'டிரான்ஸ்ஹியூமனிசம்' என்ற 1957 கட்டுரையைப் பருவத்தின் கடைசியில் படியுங்கள். தொடக்கத்தில் படித்தால் வெறும் கனவாகத் தோன்றும்.

இசிஇ_மூன்றாமாண்டு:
நன்றி. இஎம்ஜி போர்டு வாங்கி இணைத்தாயிற்று. இரண்டு சிக்கல்கள். கையை அசைக்காதபோதும் சீரான அலை வருகிறது. விரல்களை இழுக்கும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டாரைச் சேர்த்ததும் கை தானாக மூடித் திறக்கிறது.

தசைமின்:
அந்த அலையில் 200 மில்லிநொடிக்கு எத்தனை முகடு என்று எண்ணுங்கள். பத்து இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். பெரும்பாலும் முழங்கை எலக்ட்ரோடு சரியாக ஒட்டியிருக்காது. அதை முதலில் மாற்றுங்கள். மூன்று வயர்களையும் சேர்த்து முறுக்கி, முடிந்த அளவு குட்டையாக்கி, டியூப்லைட் சோக்கிலிருந்து தள்ளி உட்காருங்கள். இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் புரோகிராமில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர். ஒட்டுதல் சரியில்லாமல் ஃபில்டர் மட்டும் போட்டால் தசைச் சைகையும் சேர்ந்து குறையும்.

இரண்டாவது, மோட்டாருக்கான மின்சாரம். எம்ஜி996ஆர் சுழல முடியாமல் சிக்கிக்கொண்டால் 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி வழியாக உனோ தருவது அரை ஆம்பியர். மோட்டார் அசையும்போது 5 வோல்ட் சரிகிறது. உனோ அந்த 5 வோல்ட்டையே அளவுகோலாக வைத்துப் படிப்பதால் எண் எகிறுகிறது, வரம்பைத் தாண்டுகிறது, மோட்டார் மறுபடி அசைகிறது. மோட்டாருக்கு ஏஏ அளவு நிக்கல் ரீசார்ஜபிள் நான்கு தனியாகக் கொடுங்கள், அந்த பேட்டரியின் கிரவுண்டை மட்டும் உனோவோடு இணையுங்கள், மோட்டாருக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயர்களுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சோதிக்க மோட்டாரைக் கழற்றி அதே பின்னில் எல்இடி மாட்டி, புரோகிராமில் சர்வோ கட்டளைக்குப் பதில் அதை எரிய வையுங்கள். முஷ்டிக்கு ஏற்ப அது ஒழுங்காக எரிந்து அணைந்தால் புரோகிராமில் பிழை இல்லை.